விவரணப்படத்தில் வெட்ட வேண்டிய இடம்

1

ஒரு விவரணப்படத்தில் யாரோ ஒருவர் தேத்தண்ணீர்த் தட்டோடு குறுக்கே வந்ததை வைத்துத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். நாடகாசிரியர் கதிரையில் இருந்து பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த மனிதர் கமராவைக் கண்டதும் வெருண்டு, வந்த வழியே திரும்பிவிட்டார். நாடகாசிரியர் சொல்லிக்கொண்டிருந்ததை மறந்து அவர் போன பக்கத்தையே பார்த்தார். அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை.

[அப்படியொரு படம் இல்லை. அதையும் நான்தான் உண்டாக்கினேன். கதை எங்கிருந்து வந்தது என்று கதை எழுதுகிறவர் சொல்வதை நம்பவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.]

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மட்டக்களப்பு வாவியில் நிலவு காயும்போது மீன்கள் பாடுமென்று" — வேண்டாம். இது உல்லாசப் பயணிகளுக்கு எழுதுவது.

இரண்டாவது: "நாடகாசிரியர் கனகசிங்கம் ஒரு" — இதையும் நடுவில் விட்டேன். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் அதற்கு இருந்த சொற்களெல்லாம் வசைச்சொற்கள். ஆகவே சொல்லில்லாமலே சொல்கிறேன். கனகசிங்கமும் வினாயகமூர்த்தியும் நீண்ட காலமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவரில்லாமல் மற்றவருக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான்.

2

இரண்டாயிரத்து மூன்று. போர் முடியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சனங்கள் அதைச் சமாதான காலம் என்றார்கள். கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர் கூட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியரும் நாடகாசிரியருமான கனகசிங்கத்தின் வாழ்வையும் கலையையும் படம் பிடிக்க நாவற்குடாவுக்கு வந்தது. இயக்குநர் சபூரா, காத்தான்குடிப் பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருடைய நாடகம் பார்த்தவள்.

கனகசிங்கம் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். சட்டையை இரண்டு தரம் மாற்றினார். சபூரா முதல்நாளே போனில், "சேர், ஏன் கலியாணம் முடிக்கல்ல எண்டு கேப்பன், கோவிக்கப்படா" என்று சொல்லியிருந்தாள்.

அவருக்குச் சொல்ல ஆசை. அதுதான் பயம். தான் செத்துப்போனால் இந்தப் படம்தான் மிஞ்சும். அதில் மூர்த்தி இல்லாவிட்டால் மூர்த்தி என்றொரு ஆள் தன் வாழ்க்கையில் இருந்ததே இல்லை என்றாகிவிடும். கூத்தில் பெண் வேடம் ஆண்கள் போடுவது வழமை. ராசா கனகசிங்கம், ராணி வினாயகமூர்த்தி. பிறகு எழுதிய நவீன நாடகங்களிலும் கதாநாயகிப் பாத்திரங்களை மூர்த்திக்கென்றே எழுதினார். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, கூத்துக் களரியில் நின்று ஆசை தீரப் பாடலாம். களரியை விட்டு இறங்கியதும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

"நீங்க வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க, சேர்," என்றார் மூர்த்தி. வீட்டில் அவர் "சேர்" என்றால் கேலி செய்கிறார் என்று அர்த்தம். "என்னக் கேட்டா நடிகர் எண்டு சொல்லுங்க. பொய்யில்லையே."

[சட்டப்படி இந்த உறவு குற்றம். வாவிக்கு இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் போராளிகளின் இயக்கம். இருவரும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.]

3

இப்போது அன்னப்பூரணி வரவேண்டும். கனகசிங்கத்தின் தங்கை. உள்ளதைச் சொன்னால் இவள்தான் என்னை அதிகம் பாடுபடுத்தினாள்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. கட்டியவன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். நாவற்குடா வீடு அன்னப்பூரணியின் சீதனம். ஆனால் அவளும் புருஷன் நல்லரத்தினமும் வவுணதீவில் வயலோடுதான் இருந்தார்கள்; வீடு பூட்டிக் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டு, கலவரத்துக்குள், நல்லரத்தினம் பயிரைப் பார்த்துவர வட்டைக்கு, வயல்வெளிக்கு, போனார். திரும்பவில்லை. பார்த்திருந்து பார்த்திருந்து, கடைசியில் அண்ணனும் மூர்த்தியும் அவளைத் தோணியில் ஏற்றி நாவற்குடாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்த கிழமையே இராணுவச் சுற்றிவளைப்பு. வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் அண்ணன், முகத்திலேயே தெரிகிறது. மற்றவன் யார் என்று கேட்டபோது மூர்த்தியின் சட்டைக் கொலரை ஒரு சிப்பாய் பிடித்திருந்தான். உறவில்லாத ஆம்பிளை என்றால் ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள்.

"என்ர புருஷன்," என்றாள் அன்னப்பூரணி.

யாரும் சந்தேகப்படவில்லை. பெண்ணுடைய வீட்டில் இருக்கிற ஆம்பிளை வேறு யாராக இருப்பான்? மூவரும் அந்தத் தெருவுக்குப் புதியவர்கள், தெருவும் நம்பியது. அன்றிலிருந்து வாசலுக்கு வெளியே அவர் அவளுடைய புருஷன்.

அந்த ஒரு சொல் வீட்டில் மூன்று பேரைக் காப்பாற்றியது. ஆனால் காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்தபோது தெருப் பெண்களெல்லாம் படங்களை எடுத்துக்கொண்டு போக, அவள் மட்டும் போகவில்லை. புருஷன்தான் வீட்டில் இருக்கிறாரே.

[முதல் பிரதியில் இவளைத் தியாகச்சுடர் ஆக்கிவைத்திருந்தேன். படிக்கச் சகிக்கவில்லை. இப்போது அவள் சிடுசிடுக்கிறாள். மூர்த்தி மீன் வாங்கிவந்தால் குறை பிடிக்கிறாள். சில நாள் அவருடைய முகத்தையே பார்ப்பதில்லை. ஏனென்று அவருக்கும் தெரியும்.]

4

படப்பிடிப்பு நன்றாகத்தான் போனது. கலியாணக் கேள்விக்குக் கனகசிங்கம், "நாடகத்தக் கட்டிட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே பதில். சொன்ன கையோடு தன் மேலேயே அருவருப்பு வந்தது அவருக்கு.

பிறகு சபூரா, தெருவில் கேட்டறிந்ததை வைத்து, "அக்கா, உங்கட வீட்டுக்காரர்தானே சேர்ட நாடகத்துல பொம்புள வேசம் போட்டவரு? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இரிங்க, ஒண்டு எடுப்பம்" என்றாள்.

மூர்த்தியும் அன்னப்பூரணியும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். கனகசிங்கம் கமராவுக்குப் பின்னால் நின்றார். அந்த இடத்தில் தான் இருக்கவேண்டும் என்று நினைத்ததை அவரால் அடக்க முடியவில்லை. வாங்கில் இருக்கிற தங்கைக்கும் அது உரிய இடமில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

"அக்கா, இவரப் பத்திச் சொல்லுங்க."

அன்னப்பூரணி கமராவை நேரே பார்த்தாள்.

"இது எல்லா ஊருக்கும் போகுமா புள்ள?"

"ஓம் அக்கா. நாடு முழுக்க."

"அப்ப கேளுங்க. என்ர வீட்டுக்காரர்ர பேரு நல்லரத்தினம். வவுணதீவுல வட்டைக்கு வெள்ளாம பாக்கப் போனவரு, வரல்ல. நீலச் சாறன் உடுத்திருந்தவரு. இடது நெத்தியில தழும்பு இரிக்கு. கண்ட ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லச் சொல்லிப் போடுங்க."

சபூரா விளங்காமல் மூர்த்தியைப் பார்த்தாள். "அப்ப இவரு?"

இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மின்சாரம் போய்விட்டது என்று எழுதினேன். அது என் கோழைத்தனம். "ஒண்டுவிட்ட மச்சான்" என்று கனகசிங்கத்தைச் சொல்லவைத்தேன். எழுதிய வரியை அடுத்த நாள் படித்தபோது அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது இது:

கனகசிங்கம் கமராவுக்கு முன்னால் வந்தார். வாங்கின் மறுபக்கம், மூர்த்தியோடு ஒட்டி இருந்தார்.

"இவரு என்ர ஆள், மகள்," என்றார். "நான் கலியாணம் முடிக்காததுக்குக் காரணம் இவருதான். தங்கச்சி எங்களுக்காகப் பொய் சொன்னவ. இனிச் சொல்லத் தேவல்ல."

மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அன்னப்பூரணி அழவில்லை. "தழும்பு இடது பக்கம்," என்று மறுபடி சொன்னாள்.

5

சபூரா கொழும்பில் நாடாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் இருக்கிறேன். இருவருக்கும் வெட்டக் கை வரவில்லை.

ஒன்றை வைத்து மற்றதை வெட்டலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நல்லரத்தினத்தைத் தேடும் பேச்சை மட்டும் வைத்தாலும், பக்கத்தில் இருக்கும் மனிதர் யாரென்று அந்தத் தெரு கேட்கும். தெருவுக்குப் பிறகு இராணுவம் கேட்கும். முழுவதையும் வெட்டினால் மூர்த்தி பிழைப்பார், நடிகராக. கனகசிங்கம் நாடகத்தைக் கட்டியவராகச் சாவார். நல்லரத்தினத்தை யாரும் தேடப்போவதில்லை.

சமாதானம் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று சபூராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பயமாக இருக்கிறது. ஆகவே இதை உங்களிடம் தந்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். வெட்டுவதென்றால் அன்னப்பூரணி வாய் திறப்பதற்கு முன்னால் வெட்டவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை படம் போகிறது. நாவற்குடாவில் அன்னப்பூரணி பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் பாய் விரித்துவிட்டாள்.