இரைச்சலுக்குப் பழகிய கைகள்

எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் வகுப்பில் உட்காருவார்கள், மீதிப் பேர் சுவர்த் திரையில் தெரிவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. நானும் என் நாத்தனாரும் ஒரே சலவைக்கூடத்தில் ஷிப்ட் மாற்றி வேலை பார்ப்பதால், ஒருத்தி வகுப்பில் இருந்தால் இன்னொருத்தி திரையில். அன்று, எங்கள் சலவைக்கூடத்தைப் பற்றி இருவரும் பங்கு பிரித்து எழுதிய ஆய்வறிக்கைக்கு வாய்மொழித் தேர்வு. வகுப்பிலிருந்த அவள் தன் பங்கைப் பேசித் தேறிவிட்டாள். அடுத்து நான். தேறினால் பட்டம், இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம். அதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்!

துணி அடுக்கும் அறையில் போனைச் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பித்தேன்.

"உங்க குரல் வரலையேம்மா," என்றார் பேராசிரியர்.

அவர் பேசியது எனக்குக் கணீரென்று கேட்டது. என் போனின் மைக்தான் நீராவியில் ஊறி மண்டையைப் போட்டிருந்தது.

"டைப் பண்ணி அனுப்பினா செல்லாது. பேசணும். இல்லேன்னா அடுத்த வருஷந்தான்."

அட போய்யா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையறியாமல் கையை ஆட்டினேன்.

சலவைக்கூடத்து மிஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஊர்வம்பு முழுக்க அங்கே கையால்தான் பேசுவோம். திரையில் என் கையைப் பார்த்ததும் நாத்தனார் துள்ளி எழுந்தாள்.

"சார், அண்ணி சொல்றத நான் வாயால சொல்றேன்."

நான் என் பங்கைக் கையால் சொல்ல ஆரம்பித்தேன்.

"துவைக்கிற மிஷினக் கூட்டிப் பிரயோஜனமில்லையாம். உலர்த்துற இடத்துலதான் வேலை தேங்குதாம்."

"ஆளைக் கூட்டினா?"

என் கைகள் பறந்தன.

"ஈரத்துணியப் பாத்துக்கிட்டுக் கைகட்டி நிக்கிற ஆளுதான் கூடுமாம்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "பதில் சரி. ஆனா இது அவங்க பதிலா, உங்க பதிலா? நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிதானமாகக் கையை அசைத்தேன். நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணி, இதெல்லாம் வேணாம்."

"என்ன சொல்றாங்க?"

அவள் பல்லைக் கடித்தாள். "அவங்க பங்க நான் ஒரு தடவகூடப் படிக்கலையாம் சார். படிச்சுக் காட்ட வந்தப்ப, வாயப் பொளந்துக்கிட்டுக் குறட்டை விட்டேனாம்."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "தன்னப் பத்தி இப்படி யாரும் தானா இட்டுக்கட்டிச் சொல்லிக்க மாட்டாங்க. தேறிட்டீங்கம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் திரையைப் பார்த்துப் படபடவென்று கையை வீசினாள்.

"இது என்ன?" என்றார் அவர்.

"வாழ்த்து சார்," என்றாள்.

வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு என்றுதான் சொல்லியிருந்தாள்.