சுமலதாவுக்கு விழுந்த கைதட்டல்

பத்தொன்பது வருடமாக நான் தடைக் கட்சி. சாராயம், லாட்டரி, கஞ்சா என்று எது தலைப்பாக வந்தாலும் "தடை செய்யவே வேண்டும்" என்று மேடையில் முழங்குவது இந்தத் தெய்வநாயகம்தான். எங்கள் பட்டிமன்றக் குழுவின் நடுவர் பலராமன் அய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது. 2007 மாசியில் தேங்காய்த்திட்டு அம்மன் கோயில் திருவிழாதான் தன் கடைசி மேடை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு யார் பேச்சு எடுபடுகிறதோ அவருக்கு நடுவர் நாற்காலி. எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன், சுமலதா வரும்வரை.

தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழுவில் சேர்ந்து எட்டே மாதம். நான் இலக்கணம் பிசகாமல் வெண்பா சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும். அவள் "எங்க வார்டுல ஒருத்தரு இருந்தாருங்க" என்று ஆரம்பித்தாலே முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வேனில் நான் உட்கார்ந்து வந்த முன் சீட்டைக்கூட அவளுக்கு விட்டுத்தரச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திருவிழாவுக்கு இரண்டு மாதம் முந்தி, மார்கழியில், முதலியார்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். அவள் தம்பி அன்பழகன் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டு இரண்டு வருடமாகச் சிறையில் இருக்கிறானாம். அப்பா செத்துப்போனார், கருமாதிக்கு அவனை அனுப்பச் சொல்லி மனு எழுத வேண்டும்.

"நீங்க எழுதுனா நல்லா இருக்கும் சார். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் கிடைத்தது.

தேங்காய்த்திட்டில் இளைஞர் மன்றத்தார் கேட்ட தலைப்பு, "கஞ்சா: தடையா, அரசுக் கட்டுப்பாட்டில் விற்பனையா?" சுமலதா வழக்கம்போல எதிர்க் கட்சி.

"தடை போட்டு என்னங்க ஒழிஞ்சுது? யாரு விக்கிறான், என்ன கலக்கறான்னு யாருக்கும் தெரியல. கடைன்னு ஒண்ணு இருந்தா வயசு பாக்கலாம், அளவு வெக்கலாம், விட முடியாதவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரலாம். இப்ப எல்லாம் ரவுடி கையில இருக்கு" என்றாள். வலை பின்னுகிற கைகளெல்லாம் தட்டின. பலராமன் அய்யாவும் தலையாட்டினார்.

என் முறை வந்தது. குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"இந்தம்மா ஏன் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கறாங்க தெரியுமா? இவங்க தம்பி கஞ்சா வித்து ஜெயில்ல கெடக்கறான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசில் பறந்தது. பட்டிமன்றத்தில் ஒருவர் வீட்டை ஒருவர் இழுத்து இட்டுக்கட்டிக் கிண்டல் செய்வது எங்கள் வழக்கம். என் மனைவி என்னைத் துடைப்பத்தால் அடிக்கிறாள் என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். பத்தொன்பது வருட மேடையில் இதை நான் யோசிக்காமல் போனேன். "நெசமாத்தாங்க சொல்றேன்!" என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள்.

சுமலதாவும் சேர்ந்து சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். பதில் சொல்லும் முறை வந்ததும் அவள் மைக்கைப் பிடித்தாள்.

"சார் சொன்னது நெசங்க."

சிரிப்பு நின்றது.

"எங்கப்பா சாராயத்துல போனாரு. லைசென்ஸ் எடுத்து, போர்டு மாட்டி வெச்ச கடையிலதான் குடிச்சாரு. அவரு கைக்கு யாரும் வெலங்கு மாட்டல. அவருக்குப் பிண்டம் வெக்க வந்த தம்பி கைக்குதான் மாட்டுனாங்க. வெலங்கோடதான் வெச்சான்."

மீன் ஏலம் எடுக்கும் தனக்கொடி கூட்டத்தில் எழுந்து நின்றாள். "ஏம்மா, போர்டு மாட்டுன கடைதான் உங்கப்பன கொன்னுச்சு. அப்புறம் இதுக்கும் ஒரு போர்டு மாட்டுன்றியே?"

சுமலதா தனக்கொடி பக்கம் திரும்பினாள். "தெரியலக்கா. உள்ள போனதுல அவனுக்குப் பெரிய வியாபாரிங்க பழக்கமானதுதான் மிச்சம். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

தெரியவில்லை என்று மேடையில் சொன்னவர் ஜெயித்ததில்லை. ஆனால் முதலில் கை தட்டியது கேள்வி கேட்ட தனக்கொடியே. பிறகு அந்தக் கைதட்டல் நிற்கவில்லை. எனக்கு ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை. என் வீட்டில் இப்படியொரு துக்கம் இல்லாமல் போயிற்றே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ என்றிருந்தது. ஆனாலும் தோன்றியது.

"தனக்கொடி கேட்டதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. பதில் வர்ற வரைக்கும் தடையே இருக்கட்டும்" என்று பலராமன் அய்யா தீர்ப்புச் சொன்னார். பிறகு நாற்காலியைச் சுமலதாவுக்குத்தான் கொடுக்கப் போனார். அவளோ, "சார்தான் சீனியர், அவருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் விட்டுக்கொடுத்த நாற்காலி எனக்கு வந்தது.

வேனில் பின்சீட்டிலிருந்து எட்டிச் சொன்னாள்: "வெசனப்படாதீங்க சார். பேச்சு வேகத்துல வாய் தவறிடுச்சு, அவ்ளோதான?" அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சித்திரையில் வில்லியனூரிலிருந்து போன் வந்தது. "நடுவரு யாரு வந்தாலும் பரவால்ல சார். அந்த நர்சம்மா வரணும்."

"அவங்க இப்பல்லாம் பேசறதில்லீங்க."

"அப்ப வேணாம் சார்" என்று வைத்துவிட்டார். அந்த மாதம் இப்படி மூன்று ஊர். மூன்றுக்கும் அவளிடம் கேட்காமலே அதே பதிலைத்தான் சொன்னேன்.

வைகாசியில் சுமலதாவே கூப்பிட்டாள்.

"மேடை ஒண்ணும் வரலியா சார்?"

"வரலம்மா."

"அன்னிக்கு நான் தம்பி கதைய பேசுனதாலயா?"

மூன்று ஊரிலும் அவளைத்தான் கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபடி மேடைக்கு வந்துவிடுவாள்.

"அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றேன்.

"மன்னிச்சிடுங்க சார், நீங்க நடுவரான நேரத்துல இப்படிப் பண்ணிட்டேன்" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்று மன்னித்தேன்.