கண்ணாடியில் சுற்றிய கியர்பாக்ஸ்

மனைவி போட்ட நிபந்தனையில் நழுவ இடமே இல்லை. டாக்டர் வாங்கி வந்திருக்கும் கியர்பாக்ஸ் வண்டிக்குச் சேர்ந்ததாக இருந்தால் வண்டி வாசலில் இருக்கலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். விற்றுப் போகிறதா, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்களா என்பதைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை.

பல் டாக்டரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. இது இரண்டாவது கியர்பாக்ஸ். முதலில் வாங்கியது வேறு ஏதோ வண்டியினுடையது; அது இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. கிளினிக்கும் வீடும் ஒரே கட்டடம் என்பதால் வாசலில் ஓடாமல் நிற்கும் காரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துதான் நோயாளிகள் உள்ளே வர வேண்டும். வயிறு பெருத்தவர்கள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த வண்டியோடது இது?" என்று பழைய இரும்புக் கடைக்காரரிடம் அவர் கேட்கத்தான் கேட்டார்.

"ஓடுற வண்டியோடதுதான் சார்" என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தார்.

எண் பொறித்திருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவி, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளித்தோற்றம் அச்சு அசலாக டாக்டரின் காருடையதுதான். ஆனால் அதே கம்பெனி அந்தக் காலத்தில் சரக்கு வேன் ஒன்றும் செய்தது. அதற்கும் இதே கூடு, உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள்தான் வேறு. வேன் கியர்பாக்ஸைக் காரில் மாட்டினால் வண்டி கத்தும், வேகம் பிடிக்காது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. முதல் கியரைப் போட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். பின்பக்கத் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் முன்தண்டு மூன்றே கால் சுற்றுப் போனால் கார். நாலைத் தாண்டினால் வேன். இதைச் சொல்லிக்கொடுத்தவர் சகலை.

சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, "தேறாது" என்று சொல்வது அவருடைய உத்தியோகம். வண்டி விஷயத்தில் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. டாக்டரின் கார் எந்த மாடலோ அதே மாடல் கார்தான் அவரிடமும் இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. டாக்டரின் காரிலிருந்து கடனாகப் போன வைப்பர், பின்கண்ணாடி, ஒரு கதவின் கைப்பிடி ஆகியவை அந்த ஓட்டத்துக்கு உதவி செய்தன. டாக்டரின் வண்டி தேறாமல் போனால் சகலையின் வண்டி இன்னும் பல வருஷம் தேறும். இது டாக்டருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை சோதனை நடந்தது. கிளினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், இரண்டு பிளாஸ்டர் மூட்டைகள்மேல் கியர்பாக்ஸ் படுத்திருந்தது. அதன் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடம்தான் இருந்தது.

"பின்தண்டு தெரியலையே, கொஞ்சம் இழுத்துப் போடலாமா?" என்றார் டாக்டர்.

"எதுக்கு இடுப்பைப் பிடிச்சுக்கணும்? நீங்கதான் தினம் கண்ணாடி வச்சுப் பாக்கற ஆளாச்சே. கடைவாய்ப் பல்லே தெரியுது, இது தெரியாதா?" என்றார் சகலை.

அதில் ஒரு பெருமை இருந்ததால் டாக்டர் மடங்கினார். பின்தண்டின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, நீளக் காம்பு வைத்த வாய்க்கண்ணாடியைச் சுவருக்கும் தண்டுக்கும் நடுவே நுழைத்துக் குனிந்தார். மனைவி முன்தண்டில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கியர் கம்பி நிற்க வேண்டிய ஓட்டைக்குள் சகலை ஸ்க்ரூடிரைவரை விட்டு எதையோ தள்ளினார். உள்ளே 'களக்' என்றது.

"முதல் கியர் போட்டாச்சு. சுத்தும்மா."

அவள் சுற்றினாள். கண்ணாடிக்குள் வெள்ளைக்கோடு மெல்ல நகர்ந்தது. அவள் சுற்றிய திசைக்கு அது எதிராகப் போனது. கண்ணாடி என்றால் அப்படித்தானே என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கண்ணாடிக்குள்ளேயே தொழில் செய்தவருக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. கோடு பழைய இடத்துக்கு வந்தபோது மனைவி நாலு சுற்றைத் தாண்டியிருந்தாள்.

சகலை உதட்டைப் பிதுக்கினார். "வேன்."

"இன்னொரு தடவை..."

"எத்தனை தடவை சுத்தினாலும் வேன் வேன்தான் டாக்டரே. தேறாது. சாயங்காலம் கயிறோட வரேன். தூரத்துல எங்கேயோ கிடந்து துருப்பிடிக்கறதுக்கு நம்ம வீட்டுப் பின்னாடியே கிடக்கட்டும். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். டாக்டர் வாசலுக்குப் போய் வண்டியின் மேல் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்துவிட்டு வந்தார்.

மதியத்துக்கு மேல் வந்த முதல் நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். பல்லில் வெறும் காறைதான், சுத்தம் செய்து பாலிஷ் போட வேண்டியது. டாக்டர் சுழலும் சின்ன ரப்பர்க் கிண்ணத்தில் பசையைத் தொட்டு மெதுவாக ஓட விட்டார். கிண்ணத்தின் ஓரத்தில் பசை ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. நேரே பார்த்தால் பொட்டு மேலேறி வலப்பக்கம் இறங்கியது. கிண்ணத்துக்கு அப்பால் பிடித்திருந்த வாய்க்கண்ணாடிக்குள் பார்த்தார். அங்கேயும் அது மேலேறி வலப்பக்கம்தான் இறங்கியது.

டாக்டரின் கால் பெடலிலிருந்து எழும்பியது. கிண்ணம் நின்றது. மறுபடி ஓட்டினார். நேரே வலம். கண்ணாடியிலும் வலம்.

"ஆ?" என்றார் கண்டக்டர், திறந்த வாயோடு.

"கண்ணாடி திருப்பல சார்" என்றார் டாக்டர்.

"ஆ ஆ?"

"பொருளுக்குப் பின்னாடி கண்ணாடியைப் பிடிச்சா சுத்தறது அப்படியேதான் தெரியுது. அப்ப காலைல எதிர்ப்பக்கமாச் சுத்தினது நிஜமாவே எதிர்ப்பக்கமாத்தான் சுத்தியிருக்கு. முன்தண்டுக்கு எதிராப் பின்தண்டு சுத்தற கியர் எது சார்?"

கண்டக்டர் வாயிலிருந்த குழாயைக் கையால் எடுத்தார். "ரிவர்ஸ்."

"இருங்க, வந்துடறேன்."

சாமான் அறையில் ஸ்க்ரூடிரைவர் அங்கேயே கிடந்தது. டாக்டர் ஓட்டைக்குள் விட்டுத் தள்ளிப் பார்த்தார். ஒரு பக்கம் 'களக்' என்றது. வாய்க்கண்ணாடியில் பார்த்தபடி சுற்றினார், கோடு எதிராகப் போனது. வேறு பக்கம் தள்ளினார். இப்போது முன்னும் பின்னும் ஒரே திசையில் சுற்றின. மூன்று சுற்று, அதற்கு மேல் ஒரு கால். கோடு வந்து நின்றது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். அதே மூன்றே கால்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்தானுக்கு எவ்வளவு கொழுப்பு! என் கையாலயே இல்ல சுத்த வச்சிருக்கார்! இப்பவே போன் பண்ணுங்க."

"போன் வேண்டாம். அவர் கயிறோட வரட்டும். அக்காவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

அவர்கள் இருவரும் சேர்ந்து கியர்பாக்ஸை அறையின் நடுவே இழுத்துப் போட்டார்கள். மூட்டை இழுபட்ட வழியெல்லாம் பிளாஸ்டர் பொடி. முன்தண்டில் ஒரு அம்புக்குறி, பின்தண்டில் ஒரு அம்புக்குறி, இரண்டும் மனைவியின் லிப்ஸ்டிக்கில். கண்டக்டர் நாப்கின் கட்டிய கழுத்தோடு வாசல்படியில் நின்று, "சார், என் பல்லு?" என்றார். டாக்டர் மன்னிப்புக் கேட்டு, அவரைக் கையோடு அழைத்துப்போய் மீதியை முடித்து அனுப்பினார்.

சாயங்காலம் சகலை தோளில் கயிறும் பக்கத்தில் அக்காவுமாக வந்தார். அறை நடுவே கிடந்ததைப் பார்த்ததும் நடை சற்றுக் குறைந்தது.

"எதுக்கு நடுவுல இழுத்துப் போட்டிருக்கீங்க?"

"காத்தோட்டத்துக்கு" என்றார் டாக்டர். "ஒண்ணுமில்ல சகல, வண்டியை நீங்க தாராளமா எடுத்துக்கலாம். போறதுக்கு முன்னாடி அக்கா ஒரு தடவை பாக்கணும்னு ஆசைப்படறாங்க. அந்த முதல் கியரை மறுபடி போட்டுக் காட்டுங்க."

"நானா? நான் எப்ப ஆசைப்பட்டேன்?" என்றாள் அக்கா. தங்கை அவள் காதில் ஏதோ சொன்னாள். "ஆமா ஆமா, ஆசையாத்தான் இருக்கு. போடுங்க."

சகலை ஸ்க்ரூடிரைவரை வாங்கி, முனையைப் பார்த்தார், துடைத்தார். சிவப்பு அம்புகளைப் பார்த்தார். ரிவர்ஸ் போட்டால் குட்டு வெளிப்படும், முதல் கியர் போட்டால் வண்டி கையை விட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'களக்' என்றது. மனைவி சுற்றினாள். இரண்டு அம்புகளும் ஒரே திசையில் போயின. முன் அம்பு இரண்டு சுற்று முடிப்பதற்குள் பின் அம்பு ஒரு முழுச் சுற்றுப் போய்விட்டது.

"அட! காலைல தப்பாப் பாத்துட்டோம். இது வேனும் இல்ல, காரும் இல்ல. ரேஸ் வண்டி! பாவம், உங்க வண்டிக்கு ஆகாது டாக்டரே" என்றார் சகலை.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "நம்ம வண்டியைத் தினம் ஓட்டறவ நான். முதல் கியருக்குப் பதிலா ரெண்டாவதைப் போட்டு வண்டியை அணைய விடறவர் நீங்க. அதையே இங்கேயும் போட்டுட்டு ரேஸாம் ரேஸு. கொடுங்க இப்படி."

அவளே ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, ஓட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கை போகிற பழக்கத்தில் தள்ளினாள். தங்கை சுற்ற, அக்கா சத்தமாக எண்ணினாள். மூன்றே காலில் பின் அம்பு மேலே வந்து நின்றது.

சகலை தோளிலிருந்த கயிற்றை இறக்கி வைத்தார்.

"உங்களைச் சோதிச்சுப் பாத்தேன். படிச்ச மனுஷன், ரிவர்ஸ் எதுன்னு தெரியுதான்னு..." என்று சகலை இழுத்தார்.

"அப்ப காலைல போட்டது ரிவர்ஸ்தான்னு ஒத்துக்கறீங்க" என்றாள் மனைவி. டாக்டர் பக்கம் திரும்பினாள். "வண்டி இருக்கட்டும். ஆனா இது நாளைக்குள்ள வண்டியில ஏறணும். இன்னொரு வாரம் இந்த ரூம்ல நான் இதைப் பாக்க மாட்டேன்."

"எனக்கு மாட்டத் தெரியாதே" என்றார் டாக்டர்.

மூவரும் சகலையைப் பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்த்தார். அங்கே ஆதரவு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை சகலை வாசலில் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின்மேல் கியர்பாக்ஸ். டாக்டர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி வெளிச்சம் காட்டினார். முன்தண்டு எஞ்சினுக்குள் நுழைய மாட்டேன் என்றது. சகலை முக்கினார், திருப்பினார், திட்டினார்.

"டாக்டரே, மூச்சு முட்டுது! சும்மா பாத்துட்டு இருக்காதீங்க, கீழேருந்து கொஞ்சம் தூக்குங்க!"

டாக்டர் உள்ளே கைவிட்டு, பெட்டியை மெல்ல மேலே அழுத்தினார். பிறகு, தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற அதே பதமான குரலில் சொன்னார்:

"வலிக்காது சகல. கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."