மீசான் கல் நட்ட கட்டி

என் மாமனார் பக்கீர் முகம்மதுவுக்கு எதிலும் முறை வேண்டும். கல்யாணத்துக்கு யாரை முதலில் அழைப்பது, மவுத்து விழுந்த வீட்டில் யார் எங்கே நிற்பது என்று குடவாசல் பக்கத்து எங்கள் ஊர் முழுக்க அவரைத்தான் கேட்கும். கேட்காவிட்டாலும் சொல்லுவார். அவர் மகனைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அது தினமும் இலவசம்.

அந்த மகன், என் வீட்டுக்காரர் சைபுல்லா, குவைத்தில் டிரெய்லர் ஓட்டினார். அங்கே சண்டை ஓய்ந்து, எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் மறுபடி பாஸ்போர்ட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு லீவில் வந்தவர் லுங்கியை உயர்த்திக் காட்டினார். இடது கெண்டைக்காலில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. கிளட்ச் மிதிக்கிற கால்.

"வெறும் கொழுப்புதான். குவைத்துக் கோழி பண்ற வேலை" என்று மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு நர்சிங் ஹோமில் டாக்டர் ராஜராஜன் கட்டியை அறுத்து எடுத்தார்.

அப்போதெல்லாம் எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நாம்தான் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நான் உள்ளே இவர் பக்கத்தில் இருந்தேன். வெளியே மாமா மட்டும். அன்று நடந்ததைப் பிறகு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெரியவரே, இதைச் சீக்கிரம் கொண்டுபோயி..." என்று அவள் ஆரம்பித்ததுமே மாமா கையை உயர்த்தியிருக்கிறார்.

"எங்களுக்கு முறை தெரியும்மா. தாமதிக்க மாட்டோம்."

உடம்பிலிருந்து எடுத்ததை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். மண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். மாமா பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஊருக்கு வந்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் மையத்தாங்கொல்லையில் குழி தோண்டி அடக்கம் பண்ணிவிட்டார். அதோடு விட்டாரா? இறந்தவர் கபுருக்கு நடுவதுபோலத் தலைமாட்டில் ஒரு சின்ன மீசான் கல் வேறு. ஒரு கட்டிக்கு!

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் கேட்டார்.

"லேப் ரிசல்ட் எங்கங்க?"

லேபில் கொடுத்தாயிற்று என்றே நினைத்திருந்த நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லபடியா அடக்கம் பண்ணிட்டோம் டாக்டர்."

"எதை?"

"கட்டியத்தான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தா சாதாரணக் கொழுப்பு மாதிரி இல்லம்மா. கெட்ட கட்டியா இருந்தா காலையே எடுக்கவேண்டி வரலாம். நல்லதா இருந்தா இத்தோட சரி. என்னன்னே தெரியாம நான் என்ன சொல்ல முடியும்?"

இவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் மண்வெட்டியை எடுத்து மாமா முன்னால் போட்டேன்.

"அடக்கம் பண்ணினதத் தோண்டற முறை கெடையாது" என்றார்.

"இன்னிக்குக் கட்டி. நாளைக்குக் கால அடக்கம் பண்ணுவீங்க. அதுக்கப்புறம் யார மாமா? அதுக்கும் ஒரு கல்லு எடுத்து வச்சிருக்கீங்களா?"

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. இவர் "நூர்ஜஹான்!" என்று அதட்டினார். நான் அடங்கவில்லை. நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "உசுரோட இருக்கறவருக்காகத்தானேம்மா? தாராளமாத் தோண்டச் சொல்லு" என்றார் அவர். ஊருக்கெல்லாம் முறை சொல்லும் மனிதருக்கு இது தெரியவில்லை.

ஐப்பசி மழை. மையத்தாங்கொல்லை முழுக்கத் தண்ணீர், கோரை இடுப்பளவு. பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை, மாமா தோண்ட நான் சுவருக்கு வெளியே குடையோடு நின்றேன். எங்கே புதைத்தார் என்று தேடியே ஒரு மழைக்காலம் போயிருக்கும், அந்தக் கல் மட்டும் இல்லாவிட்டால். இதை அவரிடம் நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

பாட்டில் அப்படியே வந்தது, மூடிகூடத் திறக்காமல்.

"வெளிய எடுத்துக் கழுவி, வெள்ளத்துணியில சுத்தி வெக்கணும்னுதான் நெனச்சேன். மருந்து நெடி கண்ணக் கரிச்சிருச்சு. அப்படியே வெச்சிட்டேன்" என்றார் மாமா. முறை தவறியதற்காகக் குரல் இறங்கியிருந்தது. வாழ்நாளில் அவர் தவறவிட்ட ஒரே முறை அதுதான். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

லேப் டாக்டர் வானதி முடிவைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருநாள் களை.

"ராட்சச செல் கட்டிங்க. வழக்கமா எலும்புலதான் வரும். இவருக்குச் சதையில வந்திருக்கு. ரொம்ப அபூர்வம். நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்!"

"கால் இருக்குமா டாக்டர்?" என்றேன்.

"கால்தானே? அது இருக்கும். முழுசா எடுத்துட்டாங்க. அப்பப்ப வந்து காட்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்று மாமா சொன்னது என் அழுகையில் கேட்கவே இல்லை.

கால் கிடைத்தது. குவைத்து கிடைக்கவில்லை. லீவு தாண்டியதற்குக் காரணமாக இவர் அந்த ரிசல்ட்டையே கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். நல்ல கட்டி என்று எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ட்யூமர் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. இவர் குடவாசலில் மினி லாரி ஓட்ட ஆரம்பித்தார்.

மிச்சம் இருந்த கட்டியை மாமா போராடி வாங்கிவந்து, இந்த முறை கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, அதே கல்லடியில் வைத்தார். ஆனால் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டு வானதி டாக்டர் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாரு நூர்ஜஹான், கட்டிக்குக்கூட விசா கெடைக்குது. எம் புள்ளைக்கு இல்ல."

வாசலில் லாரிச் சத்தம் நின்றது. கிளட்ச் மிதித்த காலும் மற்றதுமாக இவர் இறங்கி வந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில், இவர் திரும்பிப் போகும் தேதி எனக்குத் தெரியாத முதல் மழைக்காலம் அது.

"கட்டியே போகட்டும் மாமா" என்றேன். "கால் இங்கயே இருக்கட்டும்."