இரண்டு வாசலுக்கு நடுவே ஓர் அடுப்பு

விருதுநகர் பருப்புக்கடை அலாவுதீனின் மனைவி சுலைகாவுக்கு வாய் சும்மா இருக்காது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்த பிறகு, நிவாரணத்துக்குப் போகும் பெண்கள் குழுவில் அவளும் சேர்ந்தாள். பொருளைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது, கூட உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும், புத்தி மட்டும் சொல்லக் கூடாது என்று குழுவில் பயிற்சி கொடுத்தார்கள். சுலைகா சரி சரி என்று தலையாட்டினாள். தலையாட்ட என்ன செலவா?

அரிசியும் பருப்பும் எண்ணெயும் லோடு வண்டியில் போயின. வீட்டுக்கு ஒரு குக்கர் கொடுக்கலாம் என்ற யோசனை சுலைகாவுடையது. சீக்கிரம் சமைக்கலாம், கேஸும் மிச்சம் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். ஆவி சீறி விசிலடிக்கிற சாமானை, வெடிச்சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகாத ஊருக்கா கொண்டுபோகிறோம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை போனபோது குக்கர்கள் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தன. சுலைகாவின் முகம் சுண்டிப்போயிற்று.

பாண்டிலட்சுமி வீட்டில் அடுப்பே எரியவில்லை. அவளும் புருஷன் கோட்டைச்சாமியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் காடு உண்டு, ஆனால் மழையை நம்பிய காடு வயிற்றுக்குப் போதாது. பக்கத்து அறை வெடித்த அன்று அவள் ஒரு கீறல் இல்லாமல் வெளியே ஓடிவிட்டாள். அவன் முதுகும் கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். நல்லவேளையாகப் பிழைத்துவிட்டான். சுலைகா போன அன்றைக்கு மறுநாள் அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவள், அவனைத் திருத்தங்கலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கே நேராக அனுப்ப ஏற்பாடு செய்ய முடியுமா என்று சுலைகாவிடம் கேட்டாள். சுலைகாவுக்குச் சுருக்கென்றது. கட்டினவன் உயிரோடு வருகிறான், அதற்குள் பாரமாகிவிட்டானா? நாக்கு நுனிவரை புத்திமதி வந்துவிட்டது. முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஆயுசில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் பாண்டிலட்சுமி தானாகவே வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரில சூடா ஆக்கிக் குடுக்கச் சொல்லுதாக. எனக்கு அடுக்களைக்குள்ள கால் போக மாட்டேங்குதுக்கா. அவுக பசியோட உக்காந்திருந்தா நான் என்ன செய்வேன்?"

இத்தனை நாளும் பக்கத்து வீட்டுச் சோறும் கடை இட்லியும்தான். நாத்தனார் வீட்டில் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும். போனவன் அங்கேயே தங்கிவிட்டால் தன் குடும்பம் என்னாகும் என்று நினைத்து நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. தீயைக் கண்டு பயமா என்று சுலைகா கேட்டாள். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"கம்பெனில ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும்க்கா. ஆளுக்கொரு வாசலப் பாத்துத்தான் உக்காருவோம். அதுலதான் நான் பொளச்சேன். இந்த அடுக்களைக்கு ஒத்த வாசல். அடுப்பப் பாத்து நின்னா, வாசல் முதுகுக்குப் பின்னால போயிருது."

சுலைகா எழுந்துபோய் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். தெருவாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேர் இருந்தன.

"அப்ப அடுப்ப இங்கன தூக்கி வச்சிருவோம்," என்றாள்.

அலாவுதீனுக்குப் போன் பறந்தது. கடை மேஜையைக் காலி செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். அதைக் கூடத்து நடுவில் போட்டு அடுப்பை மேலே வைத்தார்கள். நடுக்கூடத்தில் யாராவது அடுப்பு வைப்பார்களா என்று பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி முகவாயில் கைவைத்தாள். கேட்கிற காது சுலைகாவுக்கு இல்லை. முதலில் அவள் பற்றவைக்க, பாண்டிலட்சுமி தெருவில் நின்று பார்த்தாள். அடுத்த முறை படிவரை வந்தாள். பொழுது சாய்வதற்குள், பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு தானே பற்றவைத்தாள். அந்த அடுப்பில் போட்ட டீயைச் சுலைகா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். இவ்வளவுக்கும் டீயில் சீனியே இல்லை.

மறுநாளும் சுலைகா வந்திருந்தாள். கோட்டைச்சாமி ஆட்டோவில் வந்து இறங்கினான். அடுப்பைப் பார்த்தான். இந்த வாசலையும் அந்த வாசலையும் பார்த்தான். காலால் நாற்காலியை நகர்த்திக் கொல்லைவாசல் ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

அடுப்பில் பால் காய்ந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன சுலைகா, ஆஸ்பத்திரிக் கதை கேட்கிற சுவாரசியத்தில் அதை மறந்தே போனாள். பால் பொங்கி வழிந்து தீயில் பட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. திரி பற்றுகிற அதே சத்தம்.

கண்மூடித் திறப்பதற்குள் பாண்டிலட்சுமி தெருவில் நின்றாள். கோட்டைச்சாமி கொல்லையில் நின்றான். நடுவில் அடுப்போடு சுலைகா மட்டும் திருதிருவென விழித்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. வீடு முழுக்கப் பால் தீய்ந்த வாடைதான். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வாசல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முதுகு இழுக்க, சிரிக்கவும் முடியாமல் நெளிந்தான். அவளும் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது.

சுலைகா அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள்.

"இருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்று பாண்டிலட்சுமி படியேறி உள்ளே வந்தாள். குனிந்து தீயைக் குறைத்தாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வாங்க. பால்தான்."