இவங்க எங்க வீட்ல இருக்காங்க

1.

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து பிறந்தது. ஆம்பிளைச் சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும் வெள்ளைச் சட்டை. போட்டிருந்தவள் ஒரு பெண். எங்கள் தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற இடத்தில் அவள் நின்றிருந்தாள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

கதை எழுதுகிறவர்கள் ஏதோ ஒரு மனவேதனை தங்களை எழுத வைத்ததாகச் சொல்வார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். நாசூக்காகச் சொல்ல நேரமில்லை. சின்னவன் தொட்டிலில் தூங்குகிறான். அவன் முழிக்கிற வரைக்கும்தான் நான் எழுத்தாளர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஆனி மாதத்துக் காற்று பாளையங்கோட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தது. வடிவு தன் நைட்டியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கி —”

நிறுத்திவிட்டேன். காற்றில் உப்பிய நைட்டியோடு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரித்த பிறகு அவள் பக்கம் நிற்க மாட்டீர்கள்.

இரண்டாவது தொடக்கம்:

“மஹாலக்ஷ்மி ஒன்றும் பெரிய அழகி இல்லை.”

பொறாமைக்காரி எழுதின வரி என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் உண்மையான வரி. அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

2.

வடிவுக்கு முழுப்பெயர் சுடலைவடிவு. திசையன்விளைப் பக்கத்துக்காரி. பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தி, சின்னவன் பிறந்ததும் வேலையை விட்டவள். கணவன் பெருமாள்ராஜ் ஜங்ஷனில் ஒரு பம்புசெட் கடையில் வேலை பார்க்கிறான். மூத்தவள் யு.கே.ஜி. வீட்டில் அவள் இசக்கி, குலதெய்வத்தின் பெயர். பள்ளிக்கூடத்தில் இஷிகா.

வேன் நிற்கிற இடத்தில் எந்தப் பெண்ணுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வடிவு அங்கே இஷிகா அம்மா. மஹாலக்ஷ்மி சரண் அம்மா. அவள் மகன் ஸ்ரீசரணும் யு.கே.ஜி.தான். எல்லோருக்கும் பெயர் ஒரே மாதிரி என்பதால் உடுப்பை வைத்துத்தான் ஆளை அளக்க வேண்டியிருக்கிறது.

வடிவின் உடுப்பு நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு.* தோளில் துண்டு விழுந்துவிட்டால் நைட்டியோடு பால் வாங்கப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம். துண்டில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று தெரியவில்லை, ஆனால் நம் ஊரில் அதை மீறினவளை நான் பார்த்ததில்லை.

(* இந்தத் துண்டுக்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். இசக்கியின் மூக்கைத் துடைப்பது, சின்னவன் எச்சிலை ஒற்றுவது, வெயிலுக்கு அவன் தலையை மூடுவது, பால் கொடுக்கும்போது மறைப்பது எல்லாம் அதுதான். வேனிலிருந்து இறங்குகிற இசக்கி அம்மாவின் கையைப் பிடிக்க மாட்டாள். துண்டின் முனையைத்தான் பிடிப்பாள்.)

மஹாலக்ஷ்மி கல்லிடைக்குறிச்சிக்காரி. பெங்களூரு கம்பெனி வேலையை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவளுக்கும் இடுப்பில் ஒன்று உண்டு, அதற்கும் பல் முளைக்கிறது, அதுவும் ராத்திரி தூங்குவதில்லையாம். ஆனால் காலையில் வந்து நிற்கும்போது வெள்ளைச் சட்டை, கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருப்பாள். சட்டையின் முன்பக்கம் மட்டும் கொஞ்சம் பேண்ட்டுக்குள் செருகியிருக்கும், மீதி வெளியே கிடக்கும். தலைமுடியை ஒரு கிளிப்பில் அள்ளிப் போட்டிருப்பாள். கழுத்தில் மெல்லிசாக ஒன்று. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் வடிவைக் கொன்றது. பட்டுப்புடவை கட்டி வந்திருந்தால் ‘அவ மினுக்குதா’ என்று சொல்லித் தள்ளிவிடலாம். இவள் ஒன்றுமே செய்யாத மாதிரியல்லவா வந்து நிற்கிறாள்.

3.

இந்த இடத்தில் வடிவின் மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. எம்.ஏ. படித்தவள், பிள்ளைகளுக்கு ஐம்பெருங்காப்பியம் நடத்தினவள், ஒரு சட்டைக்கா இப்படி எரிவாள்? நம்பும்படி இல்லையே என்று பாத்திரத்தை மாற்றப் பார்த்தேன். பிறகு அந்தக் காலை ஞாபகம் வந்தது.

அன்று வேன் ஜன்னலில் ஒரு புது முகம். தஸ்மியா. முந்தின நாள்தான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். இசக்கி படியில் கால் வைக்கும்போது தஸ்மியா கேட்டாள்.

“இஷிகா, ஒங்கம்மா எது?”

இசக்கி திரும்பினாள். கையை நீட்டினாள். விரல் வடிவைத் தாண்டிப் போய் வெள்ளைச் சட்டையில் நின்றது.

“அந்தா நிக்காங்கல்லா, அவங்க.”

தஸ்மியா வடிவைப் பார்த்தாள். துண்டையும் பார்த்தாள். “அப்ப இவங்க யாரு?”

இசக்கி கொஞ்சம் யோசித்தாள். “இவங்க எங்க வீட்ல இருக்காங்க.”

வேன் போய்விட்டது. மஹாலக்ஷ்மி போனில் பேசிக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அவள் சங்கடப்பட்டிருப்பாள், ஆறுதல் சொல்லியிருப்பாள், வடிவு அங்கேயே செத்திருப்பாள்.

பிள்ளை பொய் சொல்லவும் இல்லை. வடிவு வீட்டில்தான் இருக்கிறாள். அதை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

4.

(கட்டுரை போல ஒரு பகுதி. கதை மட்டும் வேண்டுகிறவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

அன்று வடிவு பீரோவைத் திறந்து பார்த்தாள். ஒரு பக்கம் பட்டு, ஜரிகை வைத்த சுடிதார், கல் பதித்த துப்பட்டா. எல்லாம் கல்யாண வீட்டுக்கு. இன்னொரு பக்கம் நைட்டி. நடுவில் ஒன்றுமே இல்லை.

சாதாரணமாக, ஆனால் பார்க்க நன்றாக உடுத்துவது என்றால் அந்த நடுவில் வாழ்வது. நமக்கு நடுவைப் பழக்கியவர்கள் யாரும் இல்லை. நல்ல துணி எடுத்தால் ‘விசேஷத்துக்கு வச்சுக்க’ என்பார்கள். விசேஷம் வருவதற்குள் பிள்ளை பெற்று உடம்பு மாறிவிடும், அந்தத் துணி தைத்தபடியே கிடக்கும். வீட்டில் கிடக்கிற நேரத்துக்கு நல்லதாக ஒன்று போட்டால், யாரைப் பார்க்கப் போகிறாள் என்று கேட்பார்கள்.

முயற்சியே செய்யாத மாதிரித் தெரிவதற்கு எவ்வளவு முயற்சி வேண்டும் என்பது வடிவுக்குத் தெரியாமல் இல்லை. சட்டை கசங்காமல் இருக்க யாரோ இஸ்திரி போட வேண்டும். அந்த நேரத்தில் யாரோ பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மஹாலக்ஷ்மி வீட்டில் அந்த யாரோ இருக்கிறார்கள். வடிவு வீட்டில் அந்த யாரோ வடிவுதான்.

இப்படியெல்லாம் நியாயம் பேசினால் பொறாமை அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. அதற்குக் காரணம் தெரிந்து பிரயோஜனமில்லை, அதற்குச் சட்டை வேண்டும்.

5.

அதனால் வடிவு சட்டை போட்டாள்.

பெருமாள்ராஜ் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டியோடு போடுகிற வெள்ளை முழுக்கைச் சட்டை அது. மடிப்புக் கலையாமல் இருந்தது. கருப்பு லெக்கின்ஸ் மேல் போட்டு, கையை முழங்கை வரை மடித்து, முன்பக்கம் மட்டும் செருகினாள். கண்ணாடியில் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. என் கழுத்து இவ்வளவு நீளமா என்று —

(அவள் கழுத்து. அவள் கழுத்து என்று படிக்கவும்.)

பெருமாள்ராஜ் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றான். “ஏட்டி, எஞ் சட்டையா அது?”

“நல்லால்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. களையெடுக்கப் போற மாதிரி இருக்க.”

கேலிதான், வேறொன்றும் இல்லை. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். வடிவு துண்டை எடுக்காமல், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இசக்கியோடு தெருவில் இறங்கினாள். மாடிப்படியடியில் கீழ்வீட்டுக் கலைச்செல்வி கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்தாள்.

“என்ன வடிவு, நூறு நாள் வேலைக்குப் பேரு குடுத்துட்டியா? மாப்பிளை சட்டையெல்லாம் போட்டுக் கெளம்பிட்ட.”

அவளும் சிரித்தாள். வடிவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய?

வெளியூர்க்காரர்களுக்கு விளங்காமல் போகலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வெயிலில் வேலை பார்க்கிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். கை கறுக்காது, செடியின் சுனை பட்டு அரிக்காது. வடிவின் அம்மா முருங்கைத் தோட்டத்தில் அப்படித்தான் நின்றாள், இன்றைக்கும் நிற்கிறாள். அந்தச் சட்டையை மகள் போடக் கூடாது என்றுதான் அவளைப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்தாள்.

ஆக, மஹாலக்ஷ்மி போட்டால் அது ஸ்டைல். வடிவு போட்டால் வேலைக்குப் போகிற உடுப்பு. சட்டை அதேதான்.

(இந்தப் பத்தியை இன்னும் நீட்டினால் கதை அழுகைப் பக்கம் போய்விடும். எனக்கு அழுகை வேண்டாம். பொறாமையாகவே இருக்கட்டும், அதில் ஒரு சூடு இருக்கிறது.)

வேன் நிற்கிற இடத்தில் மஹாலக்ஷ்மி இன்று பச்சைப் பருத்தி குர்தாவில் நின்றாள். வடிவைப் பார்த்ததும் போனை இறக்கினாள்.

“வடிவு, இந்தச் சட்டை உங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கு. எங்க வாங்கினீங்க?”

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் வடிவின் பெயர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கலப்படமில்லாத பாராட்டு. ஒரு பொறாமைக்காரிக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அவள் கொஞ்சமாவது திமிர் பிடித்தவளாக இருந்திருக்கலாம்.

“அவுக சட்டைதான்,” என்றாள் வடிவு.

இசக்கிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வழக்கமான உயரத்தில் கை நீட்டித் துண்டைத் தேடினாள். “துண்டு எங்கம்மா?” பதிலுக்குக் காத்திராமல் கொடைச் சட்டையின் ஓரத்தில் துடைத்துவிட்டாள். வேன் வந்தது. ஜன்னலில் தஸ்மியா இல்லை. அவளை இன்று அவள் வாப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம், மத்தியானம் வேனில்தான் திரும்புவாள் என்று டிரைவர் பூதத்தான் அண்ணாச்சி சொன்னார். அதனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அது மத்தியானத்துக்குத் தள்ளிப் போயிற்று.

6.

இப்போது முடிவு. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மஹாலக்ஷ்மி ஒருநாள் உடைந்து அழுகிறாள். புருஷன் சரியில்லை, இல்லாவிட்டால் ஏதோ ஒரு நோய். வடிவு தன் துண்டால் அவள் கண்ணைத் துடைக்கிறாள். — வேண்டாம். அழகாக உடுத்துகிறவளுக்கு ரகசியமாக ஒரு துக்கம் வைத்துவிடுவது நம்மைப் போன்றவர்கள் கதையில் தீர்த்துக்கொள்கிற வஞ்சம். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நான் விசாரித்துவிட்டேன்.

மத்தியானம் மஹாலக்ஷ்மி தோளில் ஒரு துண்டோடு வந்து நிற்கிறாள். ‘உங்களைப் பார்த்துத்தான் வடிவு’ என்கிறாள். இருவரும் — இல்லை. கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் ராசாத்தி மாதிரி இருக்கிறவள் எதற்கு என்னைப் பார்த்து —

அவளைப் பார்த்து. வடிவைப் பார்த்து.

சரி, போதும். எத்தனை தடவை அடித்துத் திருத்துவது? வடிவு நான்தான். இந்தச் சட்டையோடு உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் மூக்குச்சளி காய்ந்து விறைத்திருக்கிறது. கழற்றிப் போட்டுவிட்டு நைட்டிக்கு மாறலாம் என்று எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். கழற்றினால் கலைச்செல்வி சொன்னது சரியென்று ஆகும். கழற்றாவிட்டால் மஹாலக்ஷ்மியைக் காப்பி அடித்தவளாக நிற்க வேண்டும்.

மூன்றாவது முடிவு ஒன்றும் இருக்கிறது. இசக்கி வேனிலிருந்து இறங்கி, எல்லோரும் பார்க்க, ‘இதுதான் எங்கம்மா’ என்று ஓடி வருகிறாள். இதை எழுதத்தான் ஆசை. ஆசைப்பட்டு எழுதினால் நம்ப மாட்டேன், அதனால் எழுதவில்லை.

7.

ஹாரன் கேட்கிறது. பூதத்தான் அண்ணாச்சி தெரு திரும்பும்போதே அடித்துவிடுவார்.

சின்னவன் முழிக்கவில்லை. தொட்டிலிலிருந்து அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொள்கிறேன். துண்டு ஆணியில் தொங்குகிறது. எடுத்தேனா என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதையே எனக்கு உடுத்திவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மஹாலக்ஷ்மி நிற்கிறாள். காற்று இவ்வளவு அடிக்கிறது, அவள் குர்தா ஒரு இடத்தில்கூட உப்பவில்லை. வேன் நிற்கிறது. ஜன்னலில் தஸ்மியா. இசக்கி படியில் இறங்குகிறாள்.

“இஷிகா, இவங்க யாரு?”

என் மகள் கையைத் தூக்குகிறாள்.

விரல் என் பக்கமே நீண்டாலும் பொறாமை போகாது, அது எனக்குத் தெரியும். நாளைக்கும் அவள் அங்கே நிற்பாள், எனக்கும் எரியும். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஒரு விரலைத்தான் என்னால் எழுத முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், அது யார் பக்கம் நிற்கிறது?

பையச் சொல்லுங்கள். தோளில் பிள்ளை தூங்குகிறான்.