மாமாவின் நிறம்

...கதவுக்கா ஜன்னலுக்கா என்று அந்தப் பெயிண்டுக் கடைக்காரர் கேட்டபோது மாமனாருக்கு என்று சொல்லியிருக்கக் கூடாதுதான், வாய் முந்திக்கொண்டது, அவர் என்னைப் பார்த்து, பக்கத்தில் நின்ற என் மாமியாரையும் பார்த்து, ஒரு கோட்டிங் போதுமா என்று கேட்டார், கேலியா அக்கறையா தெரியவில்லை. அது காலையில், பெரம்பலூரில். இப்போது அரியலூரில் கைவினைக் கண்காட்சித் திடலில் நிற்கிறோம், படம் வரைகிற சாமானெல்லாம் கிடைக்கும் என்று நோட்டீஸ் போட்டிருந்தான், இதுவரை கிடைத்தது என்னவோ முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம், அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ் டிரைவர் மாதிரி திருப்பித் திருப்பிக் கடிக்கிறார்... எனக்கோ ஒரே கவலை. மாமாவுக்கு என்ன நிறம்? வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம், கூடத்தில் மாமா படம் தொங்கியாக வேண்டும், வரைவது நான். எறையூர் சர்க்கரை ஆலைக் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுக் கண்ணாடியிலும் கிளி போட்டுக் கொடுத்தவளுக்கு மாமனாரைப் போடத் தெரியாதா என்று அத்தைதான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கிளி பச்சை, அதில் சந்தேகமில்லை. மாமாவை நான் பார்த்ததே இல்லை, நான் வாழ்க்கைப்பட்டு வருமுன்பே போய்விட்டார், இருப்பது ஒரே ஒரு போட்டோ, கறுப்பு வெள்ளை, அதில் சாம்பலாக இருக்கிறார், மனிதர் சாம்பலாகவா இருந்திருப்பார்?

சுண்டினால் ரத்தம் வரும், அப்படி ஒரு சிவப்பு என்பார் அத்தை. அப்படியானால் அவர் பெற்ற பிள்ளை, என் வீட்டுக்காரர், ஏன் அடுப்புக்கரியோடு போட்டி போடுகிறார் என்று கேட்டால் வெயிலில் கருத்துவிட்டாராம். ஆலை ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வெயில்? சரி, அவரையாவது வெயிலோடு விட்டார்கள், என்னை விட்டார்களா... தரகர் மாநிறம் என்று சொல்லித்தான் முடித்தார், மாமா இறந்து ஒரு வருஷத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணம், நான் வாசலில் வந்து நின்றேன், ஆரத்தி எடுக்கிறவர்களுக்குப் பின்னால் கதவோரமாக ஒதுங்கி நின்ற அத்தை என் முகத்தையே பார்த்துவிட்டு "இன்னொரு வெளக்கு கொண்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது, அப்புறம் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பாலில் குங்குமப்பூவாகக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாரே, பாசம் பிள்ளைமேலா நிறத்தின்மேலா... அதனால்தான் காலையில் ஸ்டேஷனரிக் கடையில் இதுதான் உடம்புக் கலர் என்று ஒரு டியூபைக் கொடுத்ததும் பேசாமல் வாங்கிக்கொண்டேன், பிதுக்கிப் பார்த்தால் பஞ்சு மிட்டாய் ரோஸ், எந்த ஊரில் எந்த உடம்பு இப்படி இருக்கிறது? கேட்டது சிவப்புதானே, மாமாவைப் பஞ்சு மிட்டாயாக்கி மாட்டிவிடுவோம், வருகிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன... எனக்கென்ன என்று விடத்தான் முடியவில்லை, நாளைக்கு அதைப் பார்த்துக்கொண்டே கூடம் பெருக்கப் போகிறவள் நான்.

கடைசி வரிசையில் ஒரு கலர் கடை இருந்தது. சிவப்பாகக் காட்டுங்கள் என்று கேட்க நினைத்தேன், ஏனோ மண் கலரில் ஏதாவது என்று கேட்டுவிட்டேன், அந்த ஆள் கையை நீட்டச் சொல்லி, வளையலை ஒதுக்கி, மணிக்கட்டுப் பக்கம் ஒரு பழுப்பைத் தேய்த்துக் காட்டினார். தேய்த்த இடம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தார், அப்போதும் தெரியவில்லை, அவரே சங்கடப்பட்டு வேறு தரட்டுமா அம்மா என்றார், எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தை அப்பளத்தை என் பையின்மேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார், முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், எண்ணெய் விரலால் மெதுவாகத் தடவினார்.

"இதுதான்டி அம்சா, ஒங்க மாமா இதேதான்."

"செவப்புன்னீங்களே அத்தை?"

"அது ஊருக்குச் சொல்றது. போனவர ஊரு முன்னால விட்டுக்குடுக்க முடியுமா?"

கடைக்காரர் டியூபைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டார், நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், சாயம் இருப்பது மணிக்கட்டில், அத்தையின் விரல் தடவுவது நடுவிரல் கணுவுக்குக் கீழே, அங்கே சாயமே இல்லை, அங்கே இருப்பது நான்தான். சொல்லலாமா? வேண்டாம்... அன்றைக்கு இன்னொரு விளக்கு கேட்டாரே, என் முகம் தெரியாமலா கேட்டார், அதில் மாமா நிறம் தெரிந்தா கேட்டார்? கூட்டம் இடிக்கிறது, அப்பளம் நொறுங்கி என் பைக்குள் உதிர்கிறது, அத்தை கையை இன்னும் விடவில்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை.